பதினோராம் வகுப்புக்கு விடுதிப்பள்ளி தேடுதல்

(வேலம்பாளையத்தில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம், பத்தாம் வகுப்புத் தேறிய பிள்ளையைப் பதினோராம் வகுப்புக்கு வெளியூர் விடுதிப்பள்ளியில் சேர்ப்பதைப் பற்றியது. நம்மவர் வீடுகளில் கலியாணப் பேச்சுக்கு அடுத்தபடி அதிகமாகப் பேசப்படுவது இதுவே. கலியாணத்துக்காவது ஜாதகம் பார்க்கிறோம். நாலு பேரிடம் விசாரிக்கிறோம். சம்பந்தி வீட்டாரின் மாமன் மச்சான் வரையில் துருவிக் கேட்கிறோம். பள்ளி விஷயத்திலோ, தை பிறந்ததும் வாசலில் வந்து விழும் ஒரு நோட்டீசையும், எதிர்வீட்டுப் பையன் வாங்கிய மார்க்கையும் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியெடுத்துப் போய் முன்பணம் கட்டி வந்துவிடுகிறோம். இரண்டு வருஷம் பிள்ளை வாழப்போகிற இடம் அது. குடும்பத்தின் சேமிப்பெல்லாம் போய்ச் சேரும் இடமும் அதுவே. ஆகையால் இதனைச் சாவதானமாக ஆராய்வது அவசியம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவோம். பிள்ளையை விடுதிக்கு அனுப்பும் பெற்றோரைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. பெற்ற பிள்ளையைக் கூட வைத்துப் படிக்க வைக்கத் தெரியாதா என்று மேடையில் கேட்போர் சிலர் உண்டு. அவர்கள் நமது ஊரின் தினசரி வாழ்க்கையை அறியாதவர்கள். காலை எட்டரை மணிக்குக் கம்பெனிக்குள் நுழையும் தாயும் தகப்பனும் ஒன்றரை ஷிப்டு முடித்து இரவு எட்டரைக்கு வெளியே வருகிறார்கள். ஏற்றுமதிச் சரக்கு அனுப்பும் தேதி நெருங்கினால் அதற்கும் மேல் ஆகும். கட்டிங் மேஜையில் தகப்பன், ஓவர்லாக்கில் தாய். வீட்டில் பிள்ளை தனியே இருக்கிறது. ஓர் அறையும் ஒரு சமையற்கட்டுமான லைன் வீட்டில், சுவருக்கு அப்பால் தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருக்க, பௌதிகமும் கணிதமும் படிப்பது எளிதன்று. இதைக் காட்டிலும் பெரிய இடையூறு ஒன்று உண்டு. பதினாறு வயதுப் பையன் கோடை விடுமுறையில் செக்கிங்குக்கோ கைமடிக்கோ போய், சனிக்கிழமை தோறும் சம்பளம் வாங்கிப் பழகிவிட்டால், ஜூன் மாதத்தில் அவனைப் பள்ளிக்குத் திருப்புவது துர்லபம். இவ்வூரில் எத்தனையோ நல்ல மூளைகள் அந்த ஒரு கோடையில்தான் நழுவிப்போயின. அதற்கு அஞ்சித்தான் பெற்றோர் வெளியூரை நாடுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானது.

விடுதியில் தங்கிப் படித்தல் நமது பக்கத்துக்குப் புதியதும் அன்று. திருப்பூரில் 1903-ம் வருஷம் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம் அவர்கள், ஆசிரியரும் மாணவரும் உடனுறைந்து கற்கவேண்டுமென்ற கொள்கையோடு, 1930-ம் வருஷத்தில் கோயமுத்தூரில் ஸ்ரீ ராமகிருஷ்ண வித்தியாலயத்தை ஆரம்பித்தார். 1934-ல் காந்தியடிகள் அதற்கு அஸ்திவாரக்கல் நாட்டினார். பெரியநாயக்கன்பாளையத்தில் அது பெரிய கல்வி ஸ்தாபனமாக வளர்ந்து நிற்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் கல்வி மந்திரியாக இருந்தவரும் அவரே. தென்கோடியில் வ. வே. சு. ஐயர் சேரன்மாதேவியில் 1922-ல் தொடங்கிய குருகுலமோ, பிள்ளைகளின் சாப்பாட்டுப் பந்தியைச் சாதியால் பிரித்தமையால் எழுந்த கிளர்ச்சியில் 1925-க்குள் சீரழிந்தது. விடுதி என்பது பாடம் நடக்கும் இடம் மட்டுமன்று. பிள்ளை எவரோடு உட்கார்ந்து உண்கிறது என்பதும் அங்கே கல்விதான். சாதிச் சங்கங்கள் பலவும் அக்காலத்தில் மாணவர் விடுதிகளைக் கட்டியது, ஹைஸ்கூல் இருந்த பட்டணத்தில் கிராமத்துப் பையனுக்குச் சோறும் படுக்கையும் கிடைக்காமையினால். இன்று நமக்கு அந்தக் குறை இல்லை. வேலம்பாளையத்துக்குப் பஸ் வசதி உண்டு. திருப்பூரில் மேல்நிலைப்பள்ளிகள் பல உண்டு. எனவே, நமது பாட்டனார் விடுதியை நாடிய காரணம் வேறு. நாம் நாடும் காரணம் வேறு.

அக்காரணம் எப்படி உண்டாயிற்று என்பதைச் சற்று விரித்துரைப்போம். 1978-க்கு முன் பதினோராம் வகுப்போடு பள்ளிப்படிப்பு முடிந்தது. அதன்பின் கல்லூரியில் ஒரு வருஷம் புகுமுக வகுப்பு. 1978-ல் மேல்நிலைக் கல்வி வந்து, இரண்டு வருஷப் படிப்பும் பள்ளிக்குள்ளேயே அடங்கிற்று. 1984 முதல் இஞ்சினீயரிங், வைத்தியக் கல்லூரிகளுக்குத் தனி நுழைவுத்தேர்வு இருந்தது. 2006-ல் நுழைவுத்தேர்வை நீக்கச் சட்டம் வந்தது. அதுமுதல் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கே சகலமும் ஆயிற்று. உயிரியலுக்கு 100, பௌதிகத்துக்கு 50, ரசாயனத்துக்கு 50, ஆக 200 என்று வைத்தியப் படிப்புக்குக் கணக்கிட்டார்கள். அரை மார்க்கில் ஒரு பிள்ளையின் தலைவிதி மாறியது. லாரிக்கும் கோழிப்பண்ணைக்கும் பேர்போன நாமக்கல் ஜில்லா, பள்ளிக்கும் பேர்பெற்றது இந்தச் சூழலில்தான். அதிகாலையில் எழுப்பி, இரவு வரை அமர்த்தி, கேள்வித்தாளை மறுபடி மறுபடி எழுதவைத்து, மார்க்கை உண்டாக்கும் வித்தையை அப்பள்ளிகள் கற்றன. பரீட்சை முடிவு நாளில் பத்திரிகைகளின் முதற்பக்கத்தில் அவர்களது மாணவர் படங்கள். நம்மவர் கூட்டங்கூட்டமாய்ப் போனார்கள்.

பின்னர் நிலைமை முற்றிலும் மாறிவிட்டது. ஆனால் நமது எண்ணம் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. 2017-ல் வைத்தியப் படிப்புக்கு நீட் தேர்வு தமிழ்நாட்டில் கட்டாயமாயிற்று. அதே வருஷம் மே மாதத்தில், மாநிலத்தில் முதலிடம் இரண்டாமிடம் என்று மார்க் வரிசை வெளியிடும் வழக்கத்தையும் அரசாங்கம் நிறுத்திற்று. பன்னிரண்டாம் வகுப்பு மார்க் டாக்டர் படிப்புக்கான சாவியாக இருந்த காலம் அத்துடன் முடிந்தது. இஞ்சினீயரிங்குக்கு மட்டும் கணிதம் 100, பௌதிகம் 50, ரசாயனம் 50 என்ற பழைய கணக்கு நீடித்தது.

இவ்விடத்தில்தான் இன்றைய பேச்சின் முக்கியமான செய்தி இருக்கிறது. பெற்றோர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். மார்க் வித்தையில் தேர்ந்த பல பள்ளிகளில் ஒரு பழக்கம் வேரூன்றியிருந்தது. பதினோராம் வகுப்புப் பாடங்களைத் தொட்டும் தொடாமலும் விட்டு, இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்துவது. பொதுத்தேர்வு பன்னிரண்டில் மட்டும் இருந்ததால் இது லாபமாக இருந்தது. பாதிக் கட்டடத்தை விட்டுவிட்டு மாடியை மட்டும் கட்டுவது போன்ற இக்காரியத்தைத் தடுக்கவே, பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2018 மார்ச்சில் முதல் தேர்வு நடந்தது. ஆனால் அதே வருஷம் செப்டம்பரில், கல்லூரிச் சேர்க்கைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கே போதுமென்று உத்தரவாயிற்று. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வை நீக்கவேண்டுமென்றது. 2025-26 கல்வியாண்டு முதல் அது நீங்கிற்று. பிள்ளைகளின் பாரம் குறைந்தது நல்லதே. எனினும் பழைய பழக்கம் திரும்பிவர வாசற்கதவும் திறந்துவிட்டது. நீட் தேர்விலும், இஞ்சினீயரிங்குக்கான ஜே.இ.இ. தேர்விலும் பதினொன்று, பன்னிரண்டு ஆகிய இரண்டு வகுப்புப் பாடங்களும் வருகின்றன. ஏறக்குறையப் பாதிப் பாடம் பதினொன்றில் இருக்கிறது. பதினொன்றை விழுங்கிவிட்டு வரும் பிள்ளை எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் பாதி மூட்டையோடுதான் சந்தைக்குப் போகிறது.

ஆகவே விடுதிப்பள்ளியின் வாசலில் நாம் கேட்கவேண்டிய முதற்கேள்வி, போன வருஷம் எத்தனை பேர் 590-க்கு மேல் என்பதன்று. பதினோராம் வகுப்புப் பாடப்புத்தகங்களை எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் முடிப்பீர்கள் என்பதே. அங்கே பன்னிரண்டு படிக்கும் பிள்ளை ஒன்றை விளையாட்டு மைதானத்திலோ சாப்பாட்டுக் கூடத்திலோ கண்டு, தம்பி, போன வருஷம் தாவரவியலில் எத்தனை பாடம் நடத்தினார்கள் என்று சாதாரணமாகக் கேட்டால், வரவேற்பு அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அறிவதைவிட அதிகம் அறியலாம். பிள்ளைகளிடம் பேச விடமாட்டோம் என்று பள்ளி சொல்லுமாகில், அதுவும் ஒரு பதில்தான்.

நிற்க. இனி, சேர்ப்பதனால் இழப்பது யாதென்பதைக் காண்போம். இது முக்கியமாக, ஆறாம் வகுப்பு முதல் சர்க்கார் பள்ளியில் படித்துவரும் பிள்ளைகளின் பெற்றோருக்கு. 2020-ம் வருஷத்துச் சட்டப்படி, தமிழ்நாட்டின் வைத்தியக் கல்லூரி இடங்களில் 7.5 சதவீதம் அரசுப்பள்ளிப் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்டது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப்பள்ளியில் படித்திருக்க வேண்டுமென்பது அதன் நிபந்தனை. நிதியுதவி பெறும் பள்ளிகள் அதில் சேரா. 2021-ல் இஞ்சினீயரிங், விவசாயம், கால்நடை வைத்தியம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அதே அளவில் ஒதுக்கீடு சட்டமாயிற்று. அவ்வழியாகச் சேரும் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் சர்க்காரே ஏற்பதாகவும் அறிவித்தது. ஆறு முதல் பத்து வரை ஐந்து வருஷம் அரசுப்பள்ளியில் படித்த பிள்ளையைப் பதினோராம் வகுப்பில் தனியார் விடுதிப்பள்ளிக்கு மாற்றும் நாளில், அந்த ஐந்து வருஷமும் இவ்விஷயத்தில் செல்லாக்காசாகிவிடுகிறது. முன்பணம் வாங்கும் மேஜையில் இதை ஒருவரும் நமக்குச் சொல்வதில்லை. அது அவர்கள் வேலையும் அன்று.

இன்னும் உண்டு. அரசுப்பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ரூ.1,000 அளிக்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கிற்று. பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் என்ற பெயரில் அதே தொகை தரும் திட்டத்தை 2024 ஆகஸ்டு 9-ல் நமது கோயமுத்தூரிலேயே ஆரம்பித்தார்கள். மூன்று வருஷப் பட்டத்துக்கு ரூ.36,000, நாலு வருஷப் படிப்புக்கு ரூ.48,000. கம்பெனி முதலாளிக்கு இது சிறு தொகையாக இருக்கலாம். சீட்டுக் கட்டிப் பிழைக்கும் வீட்டுக்கு அப்படியன்று.

ஆரம்பம் முதலே தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளியில் படித்துவரும் பிள்ளைக்கு இந்த நஷ்டம் கிடையாது. அவர்கள் இந்தக் கணக்கை விட்டு மற்றவற்றைப் பார்க்கலாம். நமது அங்கத்தினரில் இரண்டு வகையினரும் இருப்பதால் பிரித்துச் சொன்னோம்.

இங்கே ஒரு வேடிக்கையையும் குறிப்பிடாமல் விட மனமில்லை. நம்மவர் வீடுகளில் பையனுக்கு விடுதிப்பள்ளி, பெண்ணுக்கு உள்ளூர் அரசுப்பள்ளி என்று பிரிப்பது சாதாரணம். பெண்ணுக்குச் செலவு செய்வானேன் என்ற கணக்கு அது. அக்கணக்கின் பலனாக, அவளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடும் மாத உதவியும் கைவசம் நிற்க, கடன் வாங்கி அனுப்பிய தம்பி இரண்டையும் இழந்து நிற்கிறான். பெண்ணுக்குச் செய்த அநியாயம் அவளுக்கே அனுகூலமாய் முடிந்ததென்று சந்தோஷப்படுவதற்கில்லை. இருவருக்கும் ஒரே விதமாக யோசித்திருந்தால் வீட்டுக்கும் நன்மையாயிருக்கும், தம்பிக்கும் நன்மையாயிருக்கும்.

அரசுப்பள்ளியில் இருந்துகொண்டே விடுதியிலும் தங்கிப் படிக்க வழியில்லையா என்று கேட்பீர்கள். உண்டு. அரசு மாதிரிப்பள்ளிகள் என்ற பெயரில் உண்டு உறைவிடப் பள்ளிகளைத் தமிழ்நாட்டு அரசாங்கம் 2021-22 கல்வியாண்டில் பத்து ஜில்லாக்களில் தொடங்கி, பிறகு 38 ஜில்லாக்களுக்கும் விரித்தது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வகுப்புகள். சோறும் தங்குமிடமும் இலவசம். அரசுப்பள்ளிப் பிள்ளைகளிலிருந்தே தேர்ந்தெடுப்பதால், இடம் குறைவு. ஆகையால் பத்தாம் வகுப்பு முடிவு வந்தபின் ஓடுவது போதாது. படித்துவரும் பள்ளியின் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே தெரிவித்துக்கொள்ள வேண்டும். இவ்வழியை விசாரியாமல் தனியார் பள்ளியில் முன்பணம் கட்டுவது, கிணற்றைப் பார்க்காமல் தண்ணீர் லாரிக்குச் சொல்லிவிடுவதைப் போன்றது. உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே அமராவதிநகரில் 1962 முதல் நடக்கும் சைனிக் பள்ளியைப் பற்றியும் சிலர் கேட்டார்கள். அதற்கான அகில இந்தியத் தேர்வு ஆறாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் உரியது. சிறிய பிள்ளைகள் உள்ள வீட்டார் அதை மனதில் வைக்கலாம். பத்து முடித்தவர்களுக்கு அங்கே வழி இல்லையென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் யோசித்து, தனியார் விடுதிப்பள்ளியே உசிதம் என்று ஒரு குடும்பம் தீர்மானித்தால், அத்தீர்மானத்தை நாம் மறுக்கவில்லை. வீட்டில் ஆள் இல்லாத பிள்ளைக்கு, பக்கத்தில் ஆசிரியரும் ஒழுங்கான வேளைச் சாப்பாடும் இருப்பது பெரிய காரியம். அப்போது விண்ணப்பம் செய்வதில் கவனிக்கவேண்டியவை சில.

பணத்தைப் பற்றி முதலில். பள்ளிக் கட்டணத்தை ஒழுங்கு செய்ய 2009-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அதன்படி அமைந்த குழு ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் கட்டணம் நிர்ணயிக்கிறது. அந்த நிர்ணயத் தாளைக் காட்டும்படி கேட்பது மரியாதைக் குறைவன்று. நம்மிடம் வாங்கும் தொகையில் பள்ளிக் கட்டணம் எவ்வளவு, விடுதிக்கும் உணவுக்கும் எவ்வளவு, நீட் பயிற்சிக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதிய ரசீது வேண்டும். மொத்தமாக ஒரு தொகையைச் சொல்லி, துண்டுக்காகிதத்தில் குறித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். நூல் வாங்கும்போது கவுண்ட் என்ன, கிலோ விலை என்ன, வரி என்ன என்று பில்லில் வரிவரியாகப் பார்க்கிறவர்கள் நாம். பள்ளிக்கூடத்து மேஜையில் மட்டும் ஏன் வாயடைத்துப் போகிறோம்? பிள்ளை இடையில் திரும்பிவிட்டால் எவ்வளவு திருப்பித் தரப்படும் என்பதையும் எழுத்தில் பெறவேண்டும். நாமறிந்த ஒரு வீட்டில், பையன் இரண்டே மாதத்தில் உடம்புக்கு முடியாமல் திரும்பினான். கட்டிய பணத்தில் ஒரு ரூபாயும் வரவில்லை. மீதித் தொகையைக் கட்டினால்தான் மாற்றுச் சான்றிதழ் தருவோம் என்று அப்பள்ளியார் அலைக்கழித்ததில், அவனுக்கு உள்ளூர்ப் பள்ளியில் சேரும் காலமும் கடந்தது. மாற்றுச் சான்றிதழைக் கட்டணம் வசூலிக்கும் கருவியாக்கக் கூடாதென்று சென்னை ஹைகோர்ட்டு 2024 ஜூலையில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இதைத் தெரிந்தவனாக அந்தத் தகப்பன் போயிருந்தால் பேச்சு வேறு விதமாக இருந்திருக்கும்.

விடுதியைப் பற்றி அடுத்தது. பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதிகளை ஒழுங்கு செய்ய 2014-ல் தமிழ்நாட்டுச் சட்டம் உண்டாயிற்று. கலெக்டரிடம் லைசென்ஸ் பெறவேண்டுமென்பது அதன் விதி. அந்த லைசென்ஸ் எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். கக்கூசையும் குளியலறையையும் பாருங்கள். வரவேற்பு அறையின் பளிங்குத் தரையைப் பார்த்து வராதீர்கள். ஓர் அறையில் எத்தனை பேர், இரவில் காய்ச்சல் வந்தால் யார் வருவார்கள், எந்த ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், வீட்டுக்குப் பேச எந்த நாள் எத்தனை நிமிஷம் என்று தாய்மார்கள் கேட்கவேண்டும். இக்கேள்விகளைத் தகப்பன்மார் கேட்பதில்லை. ஆகையால் தாயில்லாமல் பள்ளி பார்க்கப் போகாதீர்கள். ஒரு நாள் சம்பளம் போனாலும் போகட்டும். பிள்ளையிடம் இரண்டு எண்களை மனப்பாடம் செய்வித்து அனுப்புங்கள்: குழந்தைகள் உதவிக்கு 1098, பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் உதவிக்கு 14417.

தாள்கள் விஷயத்தில் சுருக்கமாய்ச் சொல்வோம். மாற்றுச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மார்க் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார் ஆகியவை வேண்டும். அசலைக் கொடுக்கும்போது ரசீதும், வீட்டில் நாலைந்து நகலும் இருக்கட்டும். பழைய பள்ளியார் எமிஸ் பதிவில் பிள்ளையை விடுவித்தால்தான் புதிய பள்ளியார் சேர்த்துக்கொள்ள முடியும். ஜூன் மாதத்தில் இதற்காக நடையாய் நடப்பதைத் தவிர்க்க, மாற்றுச் சான்றிதழ் வாங்கும் அன்றே இதையும் கேட்டுவிடுங்கள்.

பாடப்பிரிவு விஷயம் இவ்வளவு சுலபமன்று. விடுதிப்பள்ளிகள் பெரும்பாலும் உயிரியல் கணிதப் பிரிவையும், கம்ப்யூட்டர் கணிதப் பிரிவையும் முன்னால் வைக்கின்றன. இரண்டும் நல்லவையே. ஆனால் பத்தாம் வகுப்பில் கணிதத்தில் தட்டுத்தடுமாறித் தேறிய பிள்ளையை, விடுதியில் போட்டால் வந்துவிடும் என்று உயிரியல் கணிதத்தில் சேர்ப்பது பெருங்கொடுமை. நமது ஊரோ கணக்கும் வியாபாரமும் நடக்கும் ஊர். ஏற்றுமதிப் பத்திரங்கள் எழுதவும், வரிக்கணக்குப் பார்க்கவும், வெளிநாட்டு வியாபாரியோடு கடிதப் போக்குவரத்து நடத்தவும் கம்பெனிகள் ஆள் தேடிக்கொண்டேயிருக்கின்றன. வணிகவியலும் கணக்குப்பதிவியலும் எடுத்துப் பட்டயக் கணக்கர் படிப்புக்குப் போகும் பிள்ளை, டாக்டருக்குக் குறைந்ததன்று. அப்பிரிவுக்கு விடுதிப்பள்ளியே அநேகமாகத் தேவைப்படாது. உள்ளூர்ப் பள்ளியும், சாயங்காலம் அமர்ந்து படிக்க அமைதியான ஓர் இடமும் போதும்.

கடைசியாக, பிள்ளையின் சம்மதம். அமெரிக்காவில் 1778-ல் ஆண்டோவர் என்ற ஊரிலும் 1781-ல் எக்ஸிடர் என்ற ஊரிலும் ஏற்பட்ட பழைய விடுதிப்பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. அங்கே பிள்ளைகள் பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்பிலேயே சேர்கின்றனர். பதினொன்றில் புதிதாய் வருவோர் சொற்பம். அப்படி வரும் பிள்ளை, தான் ஏன் இப்பள்ளிக்கு வர விரும்புகிறது என்பதைத் தன் சொற்களிலேயே எழுதிக் கொடுக்கவேண்டும். பழைய பள்ளியின் ஆசிரியர்கள் தனியே கடிதம் எழுதவேண்டும். பள்ளியார் பிள்ளையை உட்காரவைத்துப் பேசிப் பார்க்கிறார்கள். அந்நாட்டுச் செல்வரின் வழக்கம் நமக்கெதற்கு என்று தள்ளிவிடலாம். ஆனால் அந்த ஒரு காகிதத்தை மட்டும் நாம் எடுத்துக்கொள்வதில் நஷ்டமில்லை. நமது விண்ணப்பங்களைத் தகப்பன் பூர்த்தி செய்கிறான். மாமன் சிபாரிசு பேசுகிறான். பிள்ளை பின்சீட்டில் உட்கார்ந்து வருகிறது. எந்தப் பிரிவு என்று மேஜைக்காரர் கேட்கும்போது, பிள்ளை தகப்பன் முகத்தைப் பார்க்கிறது.

விண்ணப்பம் வாங்குவதற்கு முந்தின இரவு, பிள்ளையிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, நீ ஏன் போகிறாய், அங்கே என்ன படிக்கப் போகிறாய், எதற்குப் பயப்படுகிறாய் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். எழுதும்போது பக்கத்தில் நிற்காதீர்கள். போகப் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தால் கோபிக்கவேண்டாம், காரணத்தைக் கேளுங்கள். சிநேகிதனைப் பிரிய மனமில்லை என்பது ஒரு காரணம். அது ஒரு மாதத்தில் ஆறும். அங்கே படித்த அண்ணன் அடிவாங்கியதைக் கேட்டேன் என்பது வேறு காரணம். அது ஆறாது, விசாரிக்கவேண்டியது. வீட்டில் தனியே இருக்கப் பயமாயிருக்கிறது, அதனால் போகிறேன் என்று ஒரு பெண்குழந்தை எழுதுமாகில், அதையும் நாம் படித்தே ஆகவேண்டும்.

நகையை அடமானம் வைத்தும், கம்பெனியில் அட்வான்ஸ் வாங்கியும் கட்டும் பணம் அது. இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து முழுத்தொகையை எழுதிப் பார்த்து, வட்டியையும் கூட்டி, அதோடு பட்டப்படிப்புக்கு வேண்டியதையும் சேர்த்துப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பிலேயே கையிலுள்ளதைத் தீர்த்துவிட்டு, கல்லூரி வாசலில் வெறுங்கையோடு நிற்கும் குடும்பங்கள் இவ்வூரில் உண்டு. பணம் பாதியில் முடியுமாகில், அது பள்ளியில் முடியாமல் கல்லூரிக்கு மிஞ்சுவது நலம் என்பது நமது அபிப்பிராயம். அது தப்பென்று கருதுவோர் கூட்டம் முடிந்தபின் தாராளமாக வாதிக்கலாம்.

சங்க நிர்வாகத்தாரின் ஓர் ஏற்பாட்டையும் தெரிவித்துக்கொள்கிறோம். பத்தாம் வகுப்பு முடிவு வெளிவரும் வாரம் முதல் ஜூன் முதல் வாரம் வரையில், வார நாட்களில் ஷிப்டு முடிந்தபின் இரவு எட்டே முக்கால் மணிக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணிக்கும், நமது சங்கக் கட்டடத்தில் மூவர் அமர்ந்திருப்பார்கள். அவர்களில் இருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். விடுதிப்பள்ளியார் கொடுத்த விண்ணப்பத்தாளையும் கட்டண விவரத்தையும் கொண்டுவந்தால் வாசித்து விளக்கிச் சொல்வார்கள். சாதிச் சான்றிதழ் இன்னும் வாங்காதவர்கள் அன்றே மனு எழுதிக்கொள்ளலாம். முன்பணம் கட்டுவதற்கு முன்பு வரவேண்டும். கட்டிவிட்டு வந்து கேட்பதில் பிரயோஜனமில்லை. வரும்போது பிள்ளையையும், பிள்ளை எழுதிய அந்த ஒரு பக்கத்தையும் கூட அழைத்து வாருங்கள். அந்தப் பக்கத்தை நாம் கேட்டு வாங்கிப் படிக்கமாட்டோம். அது பெற்றோருக்கும் பிள்ளைக்கும் உரியது. பிள்ளை வராத வீட்டாரின் தாள்களை மட்டும் வாசிப்பதற்கில்லை.